உள்ளூரில் யார் இருக்கிறார்கள்

அவனுக்கு வேலை மாற்றல் உத்தரவு வந்த அன்று வீட்டில் இரண்டு இடத்தில் இரண்டு பேச்சு நடந்தது.

கூடத்தில் அப்பா, புது ஊரில் தண்ணீர் எப்படி, சாப்பாட்டுக்கு என்ன வழி, கம்பெனிக்கு எவ்வளவு தூரத்தில் வீடு பார்த்தால் தேவலை என்று வரிசையாகக் கேட்டார். அந்த ஊரில் தன் மகள் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் தனக்குப் பிடித்தவனோடு வீட்டை விட்டுப் போன அன்று, 'தலைமுழுகியாச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்தவர் அவர். அந்த வார்த்தையை அதன்பிறகு தூசு படியவிடாமல் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். அந்தப் பிடித்தவன் பிறகு அவளை விட்டுவிட்டுப் போனதும், அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தனியாகக் காலம் தள்ளுவதும் காதில் விழுந்தபோதுகூட, தலையைத் துவட்டக்கூட இல்லை.

சமையலறையில் அம்மா. அவள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில் பேசினாள்.

"வீடு பாக்கறப்ப அக்கா பக்கத்துல பாரு."

"ஏன்மா?"

"உன்னப் பாக்க நாங்க வருவோம்ல? அப்பா என்னைத் தனியா எங்கயும் விடமாட்டாரு, கூடத்தான் வருவாரு. நடந்து போற தூரம்னா, பால் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு ஒரு எட்டு போய் அவளப் பாத்துட்டு வந்துடுவேன். பால் வாங்கப் போறவள யாரு பின்னாலயே வந்து பாக்கறா?"

அவ்வளவு நாள் அந்த யோசனையை எங்கே வைத்திருந்தாள் என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. மாற்றலைக் கேட்டு வாங்கியதே அக்காவுக்காகத்தான் என்பதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. குழாயை மூடிவிட்டு அவள் பாத்திரம் துடைக்கப் போய்விட்டாள்.

அவனுடைய வேலை தராசுகளைச் சோதிப்பது. மருந்துக் கடை, நகைக் கடை, ஆஸ்பத்திரி, மூட்டை எடைபோடும் மண்டி என்று ஒவ்வோர் இடமாகப் போய், அங்கிருக்கும் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சான்று கொடுப்பான். அதற்கென்று கம்பெனியில் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே பட்டுத்துணிக் குழிகளில் மூல எடைக்கற்கள் இருக்கும். அந்தக் கற்களைக் கையால் தொடக்கூடாது, சாமணத்தால்தான் எடுக்க வேண்டும். விரலின் வியர்வை பட்டால் கல்லின் எடை மாறிவிடும்; கல் மாறினால் அதை வைத்துப் பார்த்ததெல்லாம் தப்பாகிவிடும். ஒரு தராசை ஒரு தடவை பார்த்துவிட்டு நம்புகிற பழக்கமும் கிடையாது. காலையில் ஒரு தடவை, வெயில் ஏறியபின் ஒரு தடவை, வேறொரு நாள் இன்னொரு தடவை. கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயரே தராசு. 'தராசு டீ குடிக்க வருதா, இல்ல டீயோட எடையப் பாக்கணுமா?' என்பார்கள்.

புது ஊரில் கம்பெனி கொடுத்த தங்கும் அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வீடு பார்த்துக் கொடுக்க ஒரு தரகர் அமைந்தார். இடுப்பில் ஒரு பெரிய வளையத்தில் ஊரில் உள்ள காலி வீட்டுச் சாவிகள் அத்தனையையும் கோத்துத் தொங்கவிட்டிருந்ததால், அந்த வட்டாரத்தில் அவரைச் சாவிக்கொத்து என்றார்கள். ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவர் இடுப்பு கலகலவென்று சிரிக்கும். எந்த வீட்டைக் காட்டினாலும் ஜன்னலைத் திறந்துவிட்டு, "காத்து பிச்சுக்கும்" என்பார். ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர் நிற்கும்.

"சார், ஒரு விஷயம் மனசுல வச்சுக்கங்க," என்றார் முதல் நாளே. "தனி ஆளுக்கு வீடு கிடைக்கிறது குதிரைக் கொம்பு. எல்லாரும் ஒண்ணுதான் கேப்பாங்க, உள்ளூர்ல யாரு இருக்கான்னு. உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"அக்கா இருக்காங்க."

"அப்புறம் என்ன? அக்கான்னு ஒரு வார்த்த போதும். பாதி வீடு கிடைச்ச மாதிரி."

அதை அவன் போன வீட்டிலெல்லாம் சொன்னான். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது. வெளியூரில் போய் இறங்கியவனுக்கு, உள்ளூரில் அக்கா இருக்கிறாள் என்று சொல்ல ஒரு வாய்ப்பு.

முதலில் பார்த்தது ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு வீட்டிலும் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் செய்வது என்று ஆரம்பத்திலேயே ஏற்பாடாகியிருந்தது. அவள் ஆஸ்பத்திரி மேசையிலிருந்து, நடுநடுவே யாருக்கோ 'டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க' என்று சொல்லிக்கொண்டே, அவனைச் சுவர் சுவராக நடத்திக்கொண்டு போவாள்.

"சுவத்துல உள்ளங்கைய வை. ஜில்லுன்னு இருக்கா?"

"இருக்குக்கா."

"ஓதம். வேணாம். கீழ வந்து வாசலப் பாரு, பக்கத்து வீட்டு மதில்ல தண்ணி நின்ன கோடு தெரியுதா?"

தெரிந்தது. முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. அதோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் முடிந்தது.

அடுத்து பஸ் டெப்போவின் பின்புறம். விடிவதற்கு முன்பே வண்டிகளை உறுமவிடுவார்கள், தூங்க முடியாது என்றாள். மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களில் ஒன்றில் வீடு நன்றாகவே இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் அக்காவின் விலாசத்தைக் கேட்டார். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் பேசி விசாரித்துக்கொண்டு சாவி தருகிறேன் என்றார். அவன் அக்காவிடம் கேட்டான். "என்னை எதுக்குடா இதுல இழுக்கற? வேலை நேரத்துல போன் வந்தா டாக்டர் கத்துவாரு," என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டாள். அந்த வீடும் போயிற்று.

பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கும் பகுதியை மட்டும் அவளே எடுத்துச் சொன்னாள். நல்ல தண்ணீர், அகலத் தெரு, மரியாதையான ஆட்கள். ஊரின் வரைபடத்தில் அது ஒரு கோடி. அக்கா இருக்கும் தண்ணீர்த் தொட்டிப் பகுதி மறு கோடி. நடுவில் ஊர் முழுவதும் கிடந்தது.

"உன் பக்கத்துலயே பாத்தா என்னக்கா?"

"தொட்டிப் பக்கம் மனுஷன் இருப்பானாடா?"

"நீ இருக்கியே."

"எனக்குப் பழகிடுச்சு," என்றாள். பிறகு யாருக்கோ டோக்கன் கொடுக்கப் போய்விட்டாள்.

அவர்கள் சந்திப்பதெல்லாம் பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடையில்தான். வாசலைப் பார்த்த நாற்காலி எப்போதும் அவளுக்கு. வந்த முதல் வாரத்திலேயே அவள் ஒரு பூட்டு வாங்கி வந்திருந்தாள். கனமான பித்தளைப் பூட்டு, இரண்டு சாவி.

"வீடே கிடைக்கல, அதுக்குள்ள பூட்டா?"

"பூட்டு இருந்தா வீடு வரும். இந்தா ஒரு சாவி. இன்னொண்ணு என்கிட்ட இருக்கட்டும். நீ தொலைச்சுட்டுத் தெருவுல நிப்ப, உன்னத் தெரியாதா எனக்கு?"

அவள் அந்தச் சாவியைத் தன் சாவி வளையத்தில் கோத்து, பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்தாள். ஒரு வீட்டின் சாவியைப் பக்கத்தில் வைத்திருப்பவள் வீட்டுக்கு வராமலா போய்விடுவாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவளுடைய வீட்டுக்கு எப்போது கூட்டிப்போவாய் என்று கேட்டதற்கு, 'ஒரே தூசு, வெள்ளையடிக்கணும்' என்று தள்ளிப்போட்டாள். எந்தத் தெரு என்றுகூட அவன் அறியான்.

தவறு அவனுடைய தொழில் புத்தியால் நேர்ந்தது. இத்தனை பகுதிகளைப் பார்த்தாகிவிட்டது. எது நல்லது எது கெட்டது என்று ஒப்பிட ஒரு மூலக்கல் வேண்டாமா? அக்கா வருடக்கணக்காக வாழ்ந்து பழகிய இடத்தைப் பார்த்துவிட்டால், அவள் எதைத் தாங்கக்கூடியது என்கிறாள், எதைத் தாங்கமுடியாதது என்கிறாள் என்பது பிடிபட்டுவிடும். உண்மையில் மோசமாக இருந்தால் விட்டுவிடலாம். சுமாராக இருந்தால், அக்கா என்ன சொன்னாலும் அங்கேயே எடுத்துவிட்டு, பிறகு சொல்லலாம். அம்மாவின் பால் வாங்கும் யோசனையும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வேலையில் இருக்கும் ஒரு பகல் பொழுதாகப் பார்த்துச் சாவிக்கொத்தைக் கூப்பிட்டான்.

"தொட்டிப் பக்கமா? நாலு தெருதான் சார் அது. ஒண்ணே ஒண்ணு காலி இருக்கு. வீட்டுக்காரம்மா தங்கமானவங்க. வாய்தான் கொஞ்சம் நீளம்."

அக்கா சொன்ன அளவுக்கு அது மோசமில்லை. தொட்டியின் நிழல் தெருவில் பாதி விழுந்திருந்தது. அடியில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சிறிய வீடுகள், கழுவிவிட்ட வாசல்கள். அவன் மதில்களைப் பார்த்தான். தண்ணீர் நின்ற கோடு எதுவும் இல்லை. வீட்டுக்காரம்மா பின்கட்டைத் திறந்து காட்டினாள். ஓர் அறை, சமையல் மேடை, தனிக் குழாய். அவன் சுவரில் உள்ளங்கையை வைத்தான். காய்ந்திருந்தது.

"மேல யாரு இருக்காங்க?" என்று கேட்டான்.

"மேல ஒரு பொண்ணு. இருக்கிற இடமே தெரியாது. பல்லாஸ்பத்திரியில வேலை."

அவனுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் அக்காவின் மாடிப்படிக்குக் கீழேயே வந்து நிற்கிறான். 'அது என் அக்காதாங்க' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான். அதற்குள் அந்த அம்மா பெருமூச்சு விட்டாள்.

"பாவம் தம்பி, யாருமில்லாத பொண்ணு. அப்பா, அம்மா, கூடப்பொறந்த தம்பி, மூணு பேரும் ஒரே நாள்ல போய்ட்டாங்க. கார்ல வர்றப்ப. கட்டினவனும் சரியில்ல. நான் ஒத்தப் பொம்பளைங்களுக்கு வீடு தர்றதே இல்ல. அப்பன்கூடச் சண்ட, ஆத்தாகூடச் சண்டன்னு வருவாளுங்க, நாளைக்கு நாலு பேர் வாசல்ல வந்து நின்னு கத்துவாங்க. இதுக்கு அந்தப் பயமே இல்ல. வந்து கத்தறதுக்கு ஒரு நாதி இருக்கணுமே."

அவன் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

"அந்தத் தம்பி போட்டோ மேல மாட்டியிருக்கா. பள்ளிக்கூட யூனிபார்ம்ல, காதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டு. இருந்திருந்தா உங்க வயசுதான் இருக்கும்."

அந்தப் படம் அவனுக்கு நினைவிருந்தது. அக்கா போனபிறகு வீட்டில் அதைத் தேடு தேடென்று தேடினார்கள். அப்பா அலமாரியையே நகர்த்திப் பார்த்தார். இப்போது தாடி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அவன் தாடியைத் தடவிக்கொண்டான்.

சாவிக்கொத்து சும்மா இருக்கவில்லை. "சாருக்கு அந்தக் கவலையே வேணாம்மா. உள்ளூர்லயே அக்கா இருக்காங்க," என்றார்.

"அப்படியா? எந்தப் பக்கம்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்," என்றான் அவன். வேறு எந்த இடமும் வாயில் வரவில்லை.

வாசல் கேட் கிறீச்சிட்டது. டாக்டர் எங்கோ கல்யாணத்துக்குப் போய்விட்டதால் அன்று ஆஸ்பத்திரியைப் பாதி நாளோடு மூடியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா தோளில் பையும் கையில் செருப்புமாக உள்ளே வந்தாள். செருப்பு வார் அறுந்திருந்தது. அவனைப் பார்த்து நின்றாள். அவள் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை.

"இந்தா, நீயே வந்துட்ட," என்றாள் வீட்டுக்காரம்மா. "இந்தத் தம்பி பின்கட்டப் பாக்க வந்திருக்காரு. நம்ம வீடு எப்படின்னு நீயே சொல்லும்மா."

அக்கா அவன் தோளுக்கு மேலே, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"தண்ணி சரியா வராதுங்க. ராத்திரியில நாய்த் தொல்லை. நீங்க வேற இடம் பாத்துக்கங்க."

பிறந்ததிலிருந்து அவனை அவள் 'டேய்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கோபத்தில் நாயே பேயே என்றிருக்கிறாள். ஒருநாளும் 'நீங்க' என்றதில்லை. அந்த 'ங்க' கேட்டபோதுதான், தான் செத்துப்போனது அவனுக்கு உறைத்தது.

"சரிங்க," என்றான். "நான் வேற பாத்துக்கறேங்க."

அவள் படியேறிப் போனாள். கையில் செருப்போடு, வெறுங்காலாகவே. வீட்டுக்காரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன இவ இப்படிச் சொல்லிட்டுப் போறா? எப்ப நம்ம வீட்டுல தண்ணி வராம இருந்துச்சு?" என்று மாடிப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். அக்கா இத்தனை நாளும் சேர்த்துவைத்திருந்த நல்ல பெயரில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. அதுவும் அவனால்.

தெருமுனை வரை சாவிக்கொத்து பொருமிக்கொண்டே வந்தார். "கூடவே குடியிருந்துக்கிட்டு குழி பறிக்கிறா பாருங்க சார். நல்ல இடம் சார் அது. காத்து பிச்சுக்கும்."

சாயங்காலம் டீக்கடையில் அவள் அவனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். வாசலைப் பார்த்த நாற்காலியில் அல்ல, சுவரைப் பார்த்த நாற்காலியில். டீ வந்தது. ஆறியது. முதலில் பேசியவன் அவன்தான்.

"எப்படிச் செத்தோம்?"

"கார்ல."

"யாரு ஓட்டினது?"

"அப்பா."

"அப்பாவுக்கு சைக்கிளே தகராறு."

"அதெல்லாம் அவங்க கேக்கலடா."

இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றதும் அவள் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு, கண்ணாடி டம்ளரை மேசைமேல் சுற்றிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். கணவன் போனபிறகு வீடு தேடி அலைந்தபோது முதலில் உள்ளதைத்தான் சொன்னாளாம். அப்பா அம்மா இருக்கிறார்கள், பேச்சுவார்த்தை இல்லை என்று. அதைக் கேட்டதும் கதவு பாதி மூடிவிடும். கட்டினவன் விட்டுவிட்டான் என்றதும் மீதியும் மூடிவிடும். தொட்டிப் பக்கத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது காலில் தெம்பில்லை. அப்பா அம்மா எங்கே என்று கேட்டாள் அந்த அம்மா.

"இல்லன்னு சொன்னேன்டா. உடனே உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு தண்ணி கொடுத்தாங்க. அத்தன வீட்டுல அங்கதான் என்னை உள்ள கூப்பிட்டாங்க."

"அவங்க ரெண்டு பேரும் சரி. நான் எதுக்குக்கா?"

"தம்பி இருக்கான்னு சொன்னா, ஏன் வந்து பாக்கலன்னு கேப்பாங்கல்ல."

அவள் போன காலத்தில் அவன் பள்ளிக்கூடத்துப் பையன். போய்ப் பார்க்க யாரும் விட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் கேட்கிறவர்களுக்கு அது ஒரு பதிலா?

"முதல் மாசம் பூரா அழுதேன்," என்றாள். "பொய்யின்னு எனக்கே தெரியும், இருந்தும் நிக்கல. அந்தம்மா நம்பினதே அத வச்சுத்தான்."

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாமே என்று அவன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். காய்ச்சல் வந்து படுத்தால் அந்த அம்மா ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் பரிதாபப்பட்டதெல்லாம் வீண் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னால் வீடு போகும். வீடு போனால் மறுபடி முதல் கதவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவன் அம்மாவின் யோசனையைச் சொன்னான். நடந்து போகும் தூரம், பால் வாங்கும் சாக்கு, எல்லாவற்றையும். அவள் டம்ளரைச் சுற்றுவதை நிறுத்தினாள்.

"அம்மாவுக்கு அப்ப என்ன வயசுன்னு அந்தம்மா கேட்டாங்க," என்றாள். "சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அதே வயசுலதான்டா வச்சிருக்கேன். முடி நரைச்சிருச்சா?"

"முன்னாடி மட்டும்."

அவள் பஸ் ஏறிப் போனாள். அவன் இன்னொரு டீ சொல்லி, அதையும் குடிக்காமல் எழுந்தான்.

மில்லின் பின்புறத்து வீட்டை அந்த வாரக் கடைசியில் பார்த்தான். வீட்டுக்காரர் ஏதோ அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். கீழே அவர் குடும்பம், மாடி அவனுக்கு. அக்கா சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. அகலத் தெரு, காய்ந்த சுவர், குழாயைத் திறந்ததும் பொங்கி வரும் தண்ணீர். தராசைப் பார்ப்பதுபோல் அதை அவன் மூன்று முறை வந்து பார்க்கவில்லை. ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டான். தலைமை எழுத்தர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"உள்ளூர்ல உங்களுக்கு யாரு இருக்கா?"

சாவிக்கொத்து வழக்கம்போல் வாயைத் திறந்தார். அவன் முந்திக்கொண்டான்.

"யாரும் இல்லைங்க."

அக்கா என்று சொன்னால் எந்தப் பக்கம் என்பார். எந்த வீடு என்பார். இந்தச் சாவிக்கொத்தே நாளைக்குத் தொட்டிப் பக்கத்து அம்மாவிடம் போய் வாய் வலிக்கப் பேசுவார். அதெல்லாம் மனதில் ஓடியதென்னவோ உண்மை. ஆனால் யோசித்து முடிப்பதற்கு முன்பே வார்த்தை வெளியே வந்துவிட்டது. அவ்வளவு லேசாக வந்தது.

தலைமை எழுத்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "யாருமே இல்லையா? சரி, அதுவும் ஒரு வகையில நல்லதுதான். சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. கீழ வயசுக்கு வந்த பொண்ணுங்க இருக்கு. பொம்பளைங்க யாராவது வந்து போற மாதிரி இருந்தா நமக்கு ஒத்து வராது. அப்புறம் அக்காங்கிறது, தங்கச்சிங்கிறது, எல்லாம் கேட்டவன் நான். போன தடவை இருந்தவனுக்கு வாரத்துக்கு ஒரு தங்கச்சி."

"அப்படி யாரும் வரமாட்டாங்க."

"அப்பா அம்மா வந்தா தாராளமா வரட்டும். அதுல ஒண்ணும் இல்ல."

வாசற்படி இறங்கும்போது சாவிக்கொத்தின் இடுப்பு மட்டும்தான் பேசியது. தெருவுக்கு வந்து ஸ்கூட்டரை உதைப்பதற்கு முன்பு அவர் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அக்கா ஊர் மாறிட்டாங்களா சார்?"

"ஆமா."

அவர் வளையத்திலிருந்து அந்த வீட்டுச் சாவியை மெல்லக் கழற்றி அவனிடம் கொடுத்தார். காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குடிபோன அன்று, மாடிக் கதவில் இருந்த வீட்டுக்காரரின் பூட்டைக் கழற்றிவிட்டு அக்கா கொடுத்த பித்தளைப் பூட்டை மாட்டிப் பார்த்தான். தாழ்ப்பாளுக்குச் சரியாகப் பொருந்தியது. கீழே வானொலியில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியைப் பிரிக்காமல் தரையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தான்.

"பக்கத்துலதான?" என்றாள் அம்மா. குழாய்ச் சத்தம் கேட்டது.

"இல்லம்மா. ரெண்டு பஸ் மாறணும்."

குழாய் கொஞ்ச நேரம் ஓடியது. ரெண்டு பஸ் மாறிப் பால் வாங்கப் போகிறவள் யாரும் இல்லை என்று அவளுக்கும் கணக்குப் போடத் தெரியும்.

"ஏன்டா? பக்கத்துல கிடைக்கலயா?"

"கிடைக்கலம்மா."

"அவ நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. அவ வீட்டுக்காரம்மா ரொம்ப நல்லவங்க. காய்ச்சல்னா பக்கத்துலயே உக்காந்து பாத்துக்குவாங்களாம்."

"அது போதும்," என்றாள் அம்மா. பிறகு, கூடத்திலிருந்து அப்பா என்னவோ கேட்டிருக்க வேண்டும், குரலை உயர்த்தி, "அங்க தண்ணி நல்லா வருதா?" என்று கேட்டாள்.

"வருதும்மா."

அக்கா சற்றுக் கழித்துத் தானே கூப்பிட்டாள். பஸ்ஸில் இருந்தாள் போலிருக்கிறது; பேச்சு குலுங்கிக் குலுங்கி வந்தது. அவன் வழக்கம்போல் ஒவ்வொன்றாகச் சொன்னான். சுவர் காய்ந்திருக்கிறது. மதிலில் கோடு இல்லை. தெரு விளக்கு எரிகிறது. ஜன்னலுக்கு எதிரே சுவர் இல்லை, ஒரு வேப்பமரம். அவள் ஒவ்வொன்றுக்கும் 'ம்' போட்டாள். அந்த 'ம்' வரவரக் குளிர்ந்து, நிம்மதியாகிக்கொண்டு வந்தது.

"நான் சொன்னேன்ல, மில் பக்கம்தான் நல்லதுன்னு," என்றாள். பிறகு தயங்கினாள். "டேய், இந்த ஞாயித்துக்கிழமை நான் வரட்டுமா? என் பக்கத்துலதான் ஆகாது. உன் வீட்டுக்கு நான் வரலாம்ல. ஒரு வீட்டுல, நாற்காலி இல்லாம, தரையில சாஞ்சு உக்காந்து பேசி எவ்வளவு நாளாச்சு. பாத்திரம்கூட ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்."

அவன் மாடிப்படியை எட்டிப் பார்த்தான். கடைசிப் படிக்கு நேரே சாய்வு நாற்காலி போட்டிருந்தது. யாரும் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது.

"இங்க வேணாம்கா," என்றான். "நாம அந்த டீக்கடையிலயே பாத்துக்கலாம்."

பஸ் எங்கோ நின்றது. ஆட்கள் இறங்கி ஏறும் சத்தம் வந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத ஒரே ஆள் இந்த ஊரில் அவள்தான்.

"என்னை என்னன்னு சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா. யாரும் இல்லன்னு மட்டும்தான் சொன்னேன். கார் எல்லாம் விடல."

அவள் சிரிக்க முயன்றாள். அது மூச்சாக மட்டும் வந்தது. பஸ் மறுபடி கிளம்பியது.

"சரிடா. அப்ப இந்தச் சாவிய என்ன செய்யட்டும்? கொண்டாந்து குடுத்துடவா?"

"உன்கிட்டயே இருக்கட்டும்," என்றான். "நான் தொலைச்சுட்டா வேணுமில்ல."